ஆப் திறக்குதுன்னா சட்டப்படி சரின்னு ஆகிடுமா? இலங்கைல கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தேடுறவங்களுக்கு

ஹட்டன் பக்கத்துல நான் ஒரு கொமினிகேஷன் கடை வச்சிருக்கேன். போட்டோகொப்பி, ரீலோட், ஸ்கேன், ஒன்லைன்ல ஃபோர்ம் நிரப்பிக் குடுக்கிறது, இதான் தொழில். கொஞ்ச காலமா ஒரு புது வேலயும் சேந்துருக்கு, பொடியங்க வந்து அடையாள அட்டைய முன்னப் பின்ன படம் புடிச்சி குடுங்க அண்ணேன்னு நிப்பாங்க, எதுக்குடா தம்பின்னா கிரிப்டோ ஆப்ல வெரிஃபை பண்ணனும்னு சொல்லுவாங்க. எந்த ஆப்புன்னு கேட்டா பாதிப்பேருக்கு பேரே சரியா தெரியாது, யாரோ வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பிருப்பாங்க.

போன மாசம் எங்க சித்தி மகனும் அதே கேள்வியோட வந்தான். சித்தி முப்பது வருஷத்துக்கு மேல மலையில தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. பொம்பளைங்களுக்கு 50 வயசு ஆச்சுன்னா ஈ.பி.எஃப்., அதான் ஊழியர் சேமலாப நிதி, அந்த காச எடுக்கலாம், ஆம்பளைங்களுக்கு 55, அப்படி சித்தியோட காசு இப்பதான் கைக்கு வந்திருக்கு. அதுல ஒரு பங்க எடுத்து கிரிப்டோல போட்டா என்னன்னு அவன் கேக்குறான். நாலு வழி எழுதிக் கொண்டுவந்தான், பெரிய எக்ஸ்சேஞ்ச்ல (கிரிப்டோ வாங்கி விக்கிற ஒன்லைன் சந்தை) பீ டூ பீ, அதாவது இன்னொரு ஆள் கிட்ட நேரா வாங்குறது, இல்லன்னா கார்ட்ல நேரா வாங்குறது, இல்லன்னா டவுன்ல ஒரு ஏஜண்ட் அண்ணன் கிட்ட குடுக்கிறது, இல்லன்னா கோத்தகிரி மாமா பேர்ல இந்தியாவுல அக்கவுண்ட் தொறக்கிறது. இதுல எது லீகல், அத மட்டும் சொல்லுங்கன்னான். அவனுக்கு சொன்னதத்தான் இங்கயும் எழுதுறேன், ஏன்னா கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல.

முதல்ல அந்த கேள்வியையே பிரிச்சிப் பாக்கணும். லீகலான்னு நம்ம ஒண்ணாத்தான் கேக்குறோம், ஆனா உள்ள மூணு கேள்வி கெடக்கு. அந்த எக்ஸ்சேஞ்ச் இலங்கைல இருக்கிறவன சேத்துக்குதா, இது ஒண்ணு. இலங்கைல அதுக்கு யாராவது லைசன் குடுத்திருக்காங்களா, இது ரெண்டாவது. நம்ம ரூபா அங்க போய் சேர்ற வழி நம்ம நாட்டு சட்டத்துக்குள்ள இருக்கா, இது மூணாவது. முதல் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்த உடனே மத்த ரெண்டுக்கும் சேத்து ஆமான்னு நெனச்சிக்கிறோம் பாருங்க, அங்கதான் எல்லாரும் விழுறாங்க.

ரெண்டாவது கேள்விக்கு பதில் சின்னது, எல்லா எக்ஸ்சேஞ்சுக்கும் ஒரே பதில், இல்ல. மத்திய வங்கி 2018லயும் 2021லயும் 2022லயும் பொது மக்களுக்கு அறிவித்தல் போட்டிருக்கு, தமிழ்லயும் போட்டிருக்கு. மெய்நிகர் நாணயம் (கிரிப்டோவும் இதுக்குள்ளதான் வரும்) சம்பந்தமா எந்த கம்பனிக்கும் திட்டம் நடத்த லைசன் குடுக்கல, எக்ஸ்சேஞ்ச் நடத்தவும் அனுமதி குடுக்கல, மைனிங்குக்கும் (கம்ப்யூட்டர் வச்சி கொயின் உண்டாக்குறது) குடுக்கல, புது காசு வெளியிட்டு சனத்துக்கிட்ட பணம் சேக்கவும் குடுக்கலன்னு நேராவே சொல்லுது. அதுக்காக போன்ல கொஞ்சம் பிட்கொயின் வச்சிருந்தாலே பொலிஸ் வந்து புடிச்சிடும்னு கதை கட்டுறவங்களையும் நம்ப வேணாம், வச்சிருக்கிறதே குத்தம்னு அந்த அறிவித்தல்ல இல்ல. அது சொல்றது வேற, இத மேற்பார்வை பண்ண இங்க ஆள் இல்ல, காசு போனா கேக்க சட்டத்துல இடம் இல்ல, போடுறவங்க தன் தலையிலதான் போட்டுக்கணும். பேங்க்ல போட்ட காச இதோட வச்சிப் பாருங்க, லைசன் உள்ள பேங்க் ஒண்ணு விழுந்தா கூட வைப்புக் காப்புறுதில ஒருத்தருக்கு 11 லட்சம் ரூபா வரைக்கும் பாதுகாப்பு இருக்கு. எக்ஸ்சேஞ்ச் விழுந்தா ஒரு ரூபா கூட இல்ல.

இன்னொரு விசயம், இந்த மாதிரி சேவை குடுக்கிறவங்கள பதிவு பண்ற சட்டம் ஒண்ணு கொண்டு வரப் போறதா அரசாங்கம் சொல்லிட்டு வருது. அதனால யார் என்ன எழுதிருந்தாலும், நான் எழுதுனதா இருந்தாலும் சரி, அத மட்டும் வச்சி முடிவெடுக்காம மத்திய வங்கி வெப்சைட்டுக்குள்ள போய் கடைசியா போட்ட அறிவித்தலோட திகதியப் பாருங்க. ஃபேஸ்புக்ல வர்ற ஸ்கிரீன்ஷொட்ல திகதி வெட்டிருக்கும், அத நம்பி எதுவும் செய்யாதீங்க. போன்ல கேக்கணும்னா 1935க்கு அடிக்கலாம், அது மத்திய வங்கியோட நிதி நுகர்வோர் பக்கம்.

இனி அவன் கொண்டுவந்த வழிகளுக்கு வருவோம்.

கார்ட் வழிய முதல்ல எடுத்துப் போட்டுடலாம், இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2017ம் ஆண்டு 12ம் இலக்கம், அதுக்கு கீழ 2021ல வந்த 3ம் இலக்கப் பணிப்புரைப்படி டெபிட் கார்ட், கிரெடிட் கார்ட் எதையும் மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு பாவிக்க ஏலாது. ஆப்புக்குள்ள "கார்ட்ல வாங்கு"ன்னு பெரிய பட்டன் தெரியும், அது உலகம் முழுக்க ஒரே ஆப்புங்கிறதால தெரியுது, நமக்கு அனுமதி இருக்குங்கிறதால இல்ல. அமுக்குனா பேங்க் தடுத்துடும், சில நேரம் எப்படியோ போயிடும், போயிடுச்சேன்னு சந்தோசப்படுறதுக்கு எதுவுமில்ல, நாளைக்கு பேங்க் கூப்பிட்டு கேட்டா நம்ம பக்கம் சொல்றதுக்கு நியாயம் கெடையாது. வேற சாமான் வாங்குற மாதிரி காட்டி கார்ட்ல எடுத்து தர்றோம்னு சில சைட்டுங்க இருக்கு, அது இதவிட மோசம், சட்டமும் போச்சு கார்ட் நம்பரும் போச்சு.

கோத்தகிரி மாமா வழி கேக்க நல்லா இருக்கும். நம்ம வீடுகள்ல பாதிக்குப் பாதி சொந்தம் அங்கதான இருக்கு, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 1964க்கு பொறகு போன பெரியப்பா சின்னத்தாத்தான்னு நீலகிரில எத்தன பேர். அங்க கிரிப்டோவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, அது உண்மை. 2022லருந்து லாபத்துல 30 சதவீதம் வரி, விக்கும்போது 1 சதவீதம் புடிச்சிக்கிறாங்க, 2023லருந்து எக்ஸ்சேஞ்சுங்க நிதி உளவுப் பிரிவுல பதியணும், பதியாம வெளிநாட்டுல இருந்து நடத்துனவங்களுக்கு 2023 டிசம்பர்ல நோட்டீஸ் போச்சு, பெரிய எக்ஸ்சேஞ்ச் கம்பனியான பைனான்ஸ் (Binance) கூட அதுக்கு பொறகுதான் 2024ல பதிஞ்சிச்சு. ஆனா அது இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு உள்ள ஒழுங்கு தம்பி, நமக்கு இல்ல. மாமாவோட ஆதார், மாமாவோட பான் கார்ட், மாமாவோட பேர், அப்ப அந்த கொயினும் சட்டப்படி மாமாவோடதுதான். வரிக்காரன் மாமாவத்தான் கேப்பான். நாளைக்கு மாமாவுக்கு ஒண்ணு ஆனா அத்தை புள்ளைங்க கிட்ட போய் இது எங்க அம்மாவோட ஈ.பி.எஃப்.னு எந்த முகத்தோட நிப்ப? சரி, இங்கருந்து காச எப்படி அனுப்புவன்னு கேட்டேன், உண்டியல்ல, அதாவது பேங்க் இல்லாம ஆள் மூலமா கள்ளத்தனமா அனுப்புற வழியிலன்னு சொன்னான். அதோட அந்த பேச்ச நிப்பாட்டிட்டேன். ஒழுங்கு இருக்கிற நாட்டுலயும் வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச்ல 2024 ஜூலைல 23 கோடி டொலருக்கு மேல களவு போயி, காசு போட்ட சனம் ஒரு வருஷத்துக்கு மேல எடுக்க முடியாம கெடந்துச்சு, அதையும் சொல்லிட்டேன்.

ஏஜண்ட் அண்ணன் கதைதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். நம்ம பக்கம் இது பரவுற விதமே வேற, எக்ஸ்சேஞ்சுன்னு சொல்லிட்டு வர்றது உண்மைல எக்ஸ்சேஞ்சே இல்ல, ரெண்டு பேர சேத்தா கமிஷன், தினம் ஒரு பட்டன அமுக்குனா டொலர், வட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் கார் முன்னாடி நிக்கிற போட்டோ. இப்படி ஆளுக்கு ஆள் சேத்து ஓட்டுறதுக்குப் பேர்தான் பிரமிட் திட்டம், அத நடத்துறது வங்கிச் சட்டம் 83சி பிரிவுப்படி குத்தம், நடத்துறது மட்டும் இல்ல, ஆள் சேக்குறதும் குத்தம். அந்த பிரிவ மீறுனதுன்னு மத்திய வங்கி 2023ல வெளியிட்ட பட்டியல்ல ஸ்போர்ட் செயின், ஒன்மேக்ஸ் டி.டி. ரெண்டும் இருக்கு, ரெண்டும் கிரிப்டோ பேர சொல்லி சனத்த இழுத்ததுதான். இங்க பக்கத்து தோட்டத்துல ஒரு அக்கா வேற ஒரு ஆப்ல தாலிக்கொடிய அடகு வச்சி போட்டாங்க, நான்தான் அவங்களுக்கு ஃபோர்ம் ஸ்கேன் பண்ணி குடுத்தேன், அது எனக்கு இன்னும் மனசுல நிக்குது. ஒரு காலைல ஆப்பு திறக்கல. சேத்துவிட்டவரும் பக்கத்து லயத்துக்காரர்தான் (லயம்னா தோட்டத்து வரிசை வீடு), அவரும் தன் காச போட்டு ஏமாந்தவர்தான், யார்ட்ட போய் கேப்பாங்க.

ஏஜண்ட்மாரு எப்பவும் ரெண்டு பேப்பர் காட்டுவாங்க, அந்த ரெண்டையும் தெரிஞ்சி வச்சிக்கோங்க. ஒண்ணு கம்பனிப் பதிவுச் சான்றிதழ். கடை போடும்போது நம்மளும் இது மாதிரி ஒரு பதிவு எடுப்போம், அது கம்பனின்னு ஒண்ணு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், சனத்து காச வாங்கலாம்னு சொல்லாது. மத்தது அமெரிக்கா எம்.எஸ்.பி. பதிவு, அதாவது காசு அனுப்புற மாத்துற கம்பனிங்க அங்க செய்யிற பதிவு. பாக்க பெருசா இருக்கும், கழுகு படம்லாம் போட்டிருக்கும், ஆனா அது அங்க நிதிக் குற்றம் பாக்குற ஒஃபிஸ்ல பேர் குடுத்து பதிஞ்சதுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான், அந்த ஒஃபிஸே இத நாங்க நல்லவங்கன்னு சொன்னதா எடுத்துக்காதீங்கன்னு சொல்லுது. உண்மையான லைசனா இல்லையான்னு பாக்கணும்னா கம்பனி குடுக்கிற லிங்க்க அமுக்காம, லைசன் குடுத்ததா சொல்ற அதிகாரசபையோட வெப்சைட்டுக்கு நீங்களா தேடிப் போங்க. டுபாய்னு சொன்னா வாரா (VARA)ங்கிற அதிகாரசபை, 2022ல உண்டானது. சிங்கப்பூர்னா அங்கத்த நாணய அதிகாரசபை. இங்கிலாந்துன்னா எஃப்.சி.ஏ. (FCA)ங்கிற நிதி அதிகாரசபை, அவங்க லைசன் இல்லாதவங்க பேர தனியா எச்சரிக்கைப் பட்டியலாவும் போடுறாங்க. அங்க தேடும்போது ஆப்போட பேர இல்ல, கம்பனியோட முழுப் பேர போட்டு தேடணும், அந்த பேர் விதிமுறைப் பக்கத்துல மேலயோ அடியிலயோ சின்ன எழுத்துல இருக்கும். பேர் கெடைக்கலன்னா அங்கயே நிப்பாட்டுங்க. கெடைச்சாலும் அது டுபாய்க்கு குடுத்த லைசன், ஹட்டனுக்கு இல்ல, அத மறந்துடாதீங்க.

மிச்சம் இருக்கிறது பெரிய எக்ஸ்சேஞ்ச்ல பீ டூ பீ. இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்து சொல்லணும், ஏன்னா நெசமா வாங்குற சனம் முக்கால்வாசி இந்த வழியிலதான் வாங்குது.

முதல் கேள்விய இங்கதான் ஒழுங்கா பாக்கணும், நம்மள சேத்துக்குதா. பதியும்போது நாட்டுப் பட்டியல்ல இலங்கை இருந்தா போதும்னு நெனைக்காதீங்க. விதிமுறைப் பக்கத்துக்கு போய் தடை பண்ணிய நாடுகள்ங்கிற பகுதிய தேடி முழுசா வாசிங்க, இங்கிலீஷ் கஷ்டம்னா போன்லயே மொழிபெயர்த்து வாசிக்கலாம். சில கம்பனி நாட்ட சேத்துக்கும், ஆனா எல்லா சேவையையும் குடுக்காது, வாங்க விக்க விடும், கார்ட் தராது, வட்டி தர்ற திட்டம் தராது. அதனால எது வேணுமோ அதோட பேர போட்டு கம்பனியோட உதவிப் பக்கத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க, அந்த பதில ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க. விபிஎன் போட்டு வேற நாடு மாதிரி காட்டி உள்ள போறத கெட்டிக்காரத்தனம்னு சொல்லிக் குடுக்கிறாங்க, அது விதிமுறைய மீறுறது, காசு போடும்போது எவனும் கேக்க மாட்டான், எடுக்கும்போதுதான் அடையாள அட்டைய கேட்டு அக்கவுண்ட பூட்டுவாங்க.

நம்ம பக்கத்துக்கே உரிய கஷ்டம் ஒண்ணு இருக்கு, விலாசம். பெரிய எக்ஸ்சேஞ்சுங்க சில நேரம் விலாச அத்தாட்சி கேக்கும், கரண்ட் பில்லோ பேங்க் ஸ்டேட்மெண்டோ குடுன்னு. லயத்துல நம்ம பேர்ல பில்லு எங்க வருது? நம்பர் இல்லாத காம்பரா (லயத்து அறை), தோட்டம், டிவிஷன், அவ்வளவுதான் விலாசம், கடிதம் தோட்ட ஒஃபிஸுக்கு வந்து அங்கருந்து யாராவது கொண்டுவந்தா உண்டு. கிராம சேவகர் சான்றிதழ அனுப்பி பாத்தவங்கள எனக்கு தெரியும், திருப்பி அனுப்பிட்டாங்க. சிலர் இதுக்காக கொழும்புல வேல செய்யிற கூட்டாளியோட பில்ல எடிட் பண்ணித் தாங்கன்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க, நான் செய்ய மாட்டேன். பொய் பத்திரத்துல தொறந்த அக்கவுண்ட்ல உண்மையான காச போட்டா, பிரச்சினன்னு வர்ற அன்னிக்கு நம்ம பேர்ல ஒரு கேள்வி கேக்கக் கூட வழி இருக்காது. பேங்க் புத்தகத்துல விலாசத்த சரியா மாத்தி, கிளைல சீல் வச்ச இங்கிலீஷ் ஸ்டேட்மெண்ட் எடுத்தா பெரும்பாலும் வேலைக்கு ஆகும், ரெண்டு மூணு தடவ டவுனுக்கு அலையணும், அவ்வளவுதான்.

பீ டூ பீ எப்படி நடக்குதுன்னா, எக்ஸ்சேஞ்ச் நமக்கு விக்கிறது இல்ல, நம்மள மாதிரி இன்னொரு ஆள் விக்கிறாரு. பைனான்ஸ் மாதிரி இடத்துல இலங்கை ரூபாவுக்கே விளம்பரம் கெடக்கும். நீங்க ஓடர் போட்டதும் அவரோட யூ.எஸ்.டி.டி.ய (ஒரு டொலருக்கு சமமா ஓடுற கொயின்) எக்ஸ்சேஞ்ச் புடிச்சி வச்சிக்கும், நீங்க அவரோட பேங்க் அக்கவுண்டுக்கு ரூபா போடுவீங்க, வந்துச்சுன்னு அவர் சொன்னதும் கொயின் உங்களுக்கு வரும். ரூபா இங்க உள்ள ஒரு பேங்க்லருந்து இங்க உள்ள இன்னொரு பேங்குக்கு போறதால கார்ட் பணிப்புரை இத நேரா தொடாது, மூணாவது கேள்விக்கு அவ்வளவுதான் பதில். அனுமதி கெடைச்ச வழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அனுமதின்னு ஒண்ணு யாருமே குடுக்கல. பேங்குக்கு சந்தேகம் வந்தா அக்கவுண்ட நிப்பாட்டி விளக்கம் கேக்கலாம், நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கைச் சட்டம், 2006ம் ஆண்டு 6ம் இலக்கம், சந்தேகமானத அறிவிக்கணும்னு அவங்களுக்கு கடமையே இருக்கு.

வாங்கும்போத விட விக்கும்போதுதான் பயம் ஜாஸ்தி. நம்ம கொயின வாங்குறவன் நமக்கு போடுற ரூபா யாரோ ஒரு ஏமாந்த மனுசனோட காசா இருந்தா, அந்த மனுசன் பொலிஸ்ல முறைப்பாடு குடுத்தா, முதல்ல நிக்கிறது நம்ம அக்கவுண்ட்தான். எங்க கூட படிச்ச ஒருத்தனுக்கு இப்படித்தான் சம்பளம் வர்ற அக்கவுண்டே மாசக்கணக்கா நின்னுச்சு, ஸ்டேட்மெண்ட்டும் ஆப்ல பேசுன சாட் ஸ்கிரீன்ஷொட்டும் தூக்கிட்டு அலைஞ்சான். அதனால ஆப்ல உள்ள பேரும் காசு போடுற பேங்க் அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருந்தா மட்டும் கொயின விடுங்க, மச்சான் பேர்ல போடுறேன் தங்கச்சி பேர்ல போடுறேன்னா திருப்பி அனுப்பிடுங்க. சம்பள அக்கவுண்டையும் அம்மா அப்பா அக்கவுண்டையும் இதுக்குள்ள கொண்டுவரவே வேணாம். ஸ்லிப் படத்த நம்பாம பேங்க் ஆப்ல காசு விழுந்திருக்கான்னு பாத்துட்டு விடுங்க. எக்ஸ்சேஞ்சுக்கு வெளில வாட்ஸ்அப்ல வா விலை குறைச்சி தர்றேன்னு சொல்றவன்கிட்ட போயிடாதீங்க, அந்த புடிச்சி வைக்கிற பாதுகாப்பு ஒண்ணுதான் இந்த வழியில நமக்கு இருக்கு, அதையும் விட்டா ஏஜண்ட் அண்ணனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் இல்ல.

பெரிய கம்பனின்னா பயமில்லன்னு நெனைக்கிறவங்களுக்கு மூணு விசயம். எஃப்.டி.எக்ஸ். உலகத்துலயே பெரிய எக்ஸ்சேஞ்ச்ல ஒண்ணு, 2022 நவம்பர்ல வங்குரோத்து. பைனான்ஸ் 2023 நவம்பர்ல அமெரிக்காவுல குத்தத்த ஒத்துக்கிட்டு 430 கோடி டொலர் கட்ட சம்மதிச்சிச்சு. பைபிட் எக்ஸ்சேஞ்ச்ல 2025 பெப்ரவரில சுமார் 150 கோடி டொலர் பெறுமதி களவு போச்சு, கம்பனி அத தன் பக்கத்துல ஈடு கட்டிச்சு, கட்ட முடியாம போயிருந்தா இங்க இருக்கிற நம்மள ஒரு சட்டமும் காப்பாத்திருக்காது.

அப்ப என்ன முடிவுன்னு கேட்டான். மூணு கேள்வியையும் நாலு வழியோட வச்சிப் பாத்தா எதுவும் முழுசா தேறல. கார்ட் வழி மூணாவதுலயே அடிபட்டுச்சு, மாமா வழி முதல் கேள்விலயே பொய் சொல்ல சொல்லுது, ஏஜண்ட் வழி குத்தத்துல கொண்டு விடும். பீ டூ பீ மட்டும் தடையும் இல்லாம அனுமதியும் இல்லாம நடுவுல நிக்குது. நடுவுல நிக்கிற ஒண்ணுல சொந்தமா ஒழைச்ச காசுல, போனா போகட்டும்னு சொல்லக் கூடிய அளவு மட்டும் போடலாம்னு நான் நெனைக்கிறேன். அம்மாவோட ஈ.பி.எஃப். அந்த அளவுக்குள்ள வராது. 2024 செப்டெம்பர்லதான் நாள் சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி சித்தி ஆயிரத்துக்கும் அதுக்கு கொறைஞ்சதுக்கும் அட்டை கடிச்சி மழைல நனைஞ்சி எடுத்த கொழுந்துல சேந்த காசு அது. அத 11 லட்சம் வரைக்கும் காப்பு இருக்கிற பேங்க்ல நிலையான வைப்புல போடலாம், இல்ல திறைசேரி உண்டியல் வாங்கலாம் (இந்த உண்டியல் அரசாங்கம் விக்கிற பத்திரம், அவன் சொன்ன உண்டியல் இல்ல), லாபம் மெதுவாதான் வரும், ஆனா காசு எங்கன்னு கேக்க ஒரு கவுண்டர் இருக்கு.

அவனுக்கு முகம் வாடிருச்சு. அப்பறம் யோசிச்சிட்டு, அம்மா காசு அப்படியே இருக்கட்டும், நான் கடைல வேல செஞ்சி சேத்த பத்தாயிரம் இருக்கு, அதுல பாக்குறேன், தடை நாட்டுப் பட்டியல வாசிச்சி குடுங்க அண்ணேன்னான். ரெண்டு பேரும் உக்காந்து வாசிச்சோம், ராத்திரி கடை சாத்துற நேரம் ஆயிடுச்சு. இலங்கை அதுல இல்ல. விலாச அத்தாட்சிலதான் மாட்டிக்கிட்டான், அவனோட பேங்க் புத்தகத்துல இன்னும் பழைய டிவிஷன் பேர்தான் இருக்கு. திங்கக்கிழம லீவு போட்டு பேங்குக்கு போறேன்னு சொல்லிருக்கான், சித்தியும் கூட வர்றாங்களாம், வைப்பு போட.